பச்சை டிக் வந்தாச்சு, அப்புறம்? ஸ்டோரேஜ் கிளஸ்டர் பற்றி ஓர் எளிய விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் நான் போய்வரும் கோயில் சங்கத்துக்கு ஒரு பெரிய சொத்து உண்டு. நிலமும் இல்லை, நகையும் இல்லை; பழைய காகிதம். தமிழில் கைப்பட எழுதிய மினிட்ஸ் புத்தகங்கள், காவடித் திருவிழாப் படங்கள், தமிழ் வகுப்புப் பிள்ளைகள் பாடிய பாட்டுகளின் ஒலிப்பதிவு, யாரோ ஒரு ஆயா பாடிய தாலாட்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் இங்கே வந்து நின்றது முதல் நம்மவர்கள் எழுதிவைத்ததில் எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அதனால் இதையெல்லாம் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றும் வேலையைச் சங்கத்து இளைஞர்கள் சில வருடமாகச் செய்துவருகிறார்கள்.

அவர்களில் ஒரு பையன் மூன்று பழைய சர்வர்களை (இரவு பகலாக ஓடும் கணினிப் பெட்டிகளை) வாங்கிவந்து ஒரு சனிக்கிழமை மதியத்தில் ‘கிளஸ்டர்’ போட்டுவிட்டான். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிற வேலையே இல்லை. பிரவுசரைத் திறந்தான், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு டிக். கமிட்டிக் கூட்டத்தில் அந்தத் திரையைக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

செயலாளர் அக்கா கேட்டார்: “அப்போ இனிமே எதுவும் தொலையாது, இல்லையா தம்பி?”

“தொலையாது அக்கா, எல்லாம் மூணு காப்பி இருக்கு.”

பொருளாளர் விடவில்லை. “அப்போ பேக்கப் டிஸ்க் வாங்குற செலவை வெட்டிடலாம்.”

எனக்கு அங்கேதான் வயிற்றைக் கலக்கியது. பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னதும் மற்றவர்கள் புரிந்துகொண்டதும் வேறுவேறு. இதே பேச்சை அலுவலகங்களிலும் கேட்டிருக்கிறேன்: “கிளஸ்டர் இருக்கு, கவலை இல்லை.” படத்திரையில் கிளிக் செய்து அமைக்கும் கருவிகள் வந்தபிறகு இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. அமைப்பது எளிதாகிவிட்டதால், அமைக்கப்படுவதும் எளிது என்று தோன்றிவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் சொல்ல நேரம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன். கணினித் தொழிலில் இல்லாதவர்களும் படிக்கலாம்.

மினிட்ஸ் புத்தகம் மூன்று வீட்டில்

கணினியைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவோம். சங்கத்துக்கு ஒரே ஒரு மினிட்ஸ் புத்தகம். அது தலைவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தலைவர் கேப் டவுனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். புத்தகம் தொலையவில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்றைக்குக் கூட்டம் நடத்த அது கைக்கு வராது. தொலையாமல் இருப்பது ஒன்று, வேண்டிய நேரத்தில் கிடைப்பது வேறொன்று. ஹை அவைலபிலிட்டி என்று தொழிலில் சொல்வது இரண்டாவதை: ஏதோ ஒரு பாகம் பழுதானாலும் சேவை நிற்காமல் கிடைத்துக்கொண்டே இருப்பது.

சரி, ஒரே புத்தகத்தை மூன்று பிரதியாக வைக்கிறோம். சாட்ஸ்வொர்த்தில் ஒன்று, ஃபீனிக்ஸில் ஒன்று, டோங்காட்டில் ஒன்று. ஒரு விதி: ஒரு தீர்மானம் மூன்று புத்தகத்திலும் எழுதி முடிந்தபிறகுதான் ‘நிறைவேறியது’ என்று அறிவிக்க வேண்டும். இப்போது ஒரு வீடு பூட்டிக் கிடந்தாலும் மற்ற வீட்டில் போய்ப் படிக்கலாம். அங்கே இருப்பது பழைய நகல் இல்லை, நேற்று இரவு எழுதிய கடைசி வரி வரைக்கும் அதே.

இதில் ஒவ்வொரு வீடும் ஒரு நோட். அதாவது டிஸ்குகள் கொண்ட ஒரு தனி சர்வர். நோட்கள் நெட்வொர்க்கில் கைகோத்து ஒரே ஸ்டோரேஜ்போல நடந்துகொள்ளும் கூட்டம்தான் கிளஸ்டர். கோப்பைச் சேமிப்பவருக்கு அது எந்தப் பெட்டியில் போய் உட்காருகிறது என்பது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: பல பெட்டி, ஒவ்வொரு தரவுக்கும் பல பிரதி, எல்லாப் பிரதியிலும் எழுதியபின்பே ‘ஆச்சு’ என்ற பதில். ஒன்று போனால் மற்றவை தாங்கும்.

ஏன் இரண்டு பெட்டி போதாது

“மூணு எதுக்கு? ரெண்டு போதுமே, காசு மிச்சம்” என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. நியாயமான கேள்வி. பதிலைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி.

இரண்டு வீடு, இரண்டு புத்தகம் என்று வைத்துக்கொள்வோம். இடையில் ஃபோன் அறுந்துபோகிறது. சாட்ஸ்வொர்த்காரருக்கு ஃபீனிக்ஸ்காரர் பேசவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அவர் வீட்டில் இல்லையா, உடம்பு சரியில்லையா, லைன்தான் போச்சா, ஒன்றும் தெரியாது. ஆனால் வேலை நிற்கக்கூடாதே என்று அவர் பாட்டுக்குத் தன் புத்தகத்தில் ‘ஹால் வாடகை 500 ராண்ட்’ என்று எழுதுகிறார். அங்கே ஃபீனிக்ஸ்காரரும் அதே நியாயத்தில் ‘ஹால் வாடகை 700 ராண்ட்’ என்று எழுதுகிறார். மறுநாள் லைன் வருகிறது. எது சரி? இரண்டு பேரும் யோக்கியர்கள், இரண்டு புத்தகமும் உண்மையானவை, ஆனால் சங்கத்துக்கு இப்போது இரண்டு வரலாறு. இதை ஸ்ப்ளிட் பிரெயின் என்பார்கள். தரவு தொலைவதைவிட மோசம் இது. தொலைந்தது தெரியும், குழம்பியது தெரியாது.

இதற்கு மருந்தைக் கணினிக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எந்தச் சங்கத்தின் விதிப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும்: கோரம். இத்தனை பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும், இல்லையென்றால் டீ குடித்துவிட்டுக் கலைய வேண்டியதுதான். கிளஸ்டரிலும் அதே சொல், ஏறக்குறைய அதே பொருள். ஒரு வித்தியாசம்: கணினியில் கோரம் என்றால் பொதுவாகப் பாதிக்கு மேல். மூன்றில் இரண்டு, ஐந்தில் மூன்று.

பாதிக்கு மேல் என்பதில்தான் சூட்சுமம். மூன்று பேர் குழுவை எப்படி வெட்டினாலும் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் பெரும்பான்மை கிடைக்கும். இரண்டு பேர் இருக்கும் பக்கம், கையில் உள்ள இரண்டு புத்தகத்திலும் எழுதி, வேலையைத் தொடரும். தனியாக மாட்டிக்கொண்டவர், ‘எனக்குக் கோரம் இல்லை’ என்று தானாகவே பேனாவை மூடி வைத்துவிடுவார். ஆகவே இரண்டு வரலாறு உருவாக வழியே இல்லை. இரண்டு பேர் குழுவில் பாதிக்கு மேல் என்றால் இரண்டு பேருமே வேண்டும்; ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் சங்கமே முடங்கும். பணம் மிச்சம் பிடித்து வாங்கிய இரண்டாவது பெட்டி, நிம்மதியைக் கொடுக்கிற இடத்தில் தொல்லையைக் கொடுக்கும்.

நான்கு பேர் என்றால்? பாதிக்கு மேல் என்பது மூன்று. ஆக ஒருவர் மட்டும்தான் இல்லாமல் போகலாம், மூவர் குழுவிலும் அதே கணக்குத்தான். அதனால்தான் வாக்களிப்பவர்கள் எண்ணிக்கையை மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் வைக்கிறார்கள். தரவைச் சுமக்கும் பெட்டிகள் நான்கோ நாற்பதோ இருக்கலாம். ஓட்டுப் போடுபவர்கள் வேறு.

இந்த ஓட்டுப் போடும் வேலையைச் செய்யும் சிறிய நிரலுக்கு மானிட்டர் என்று பெயர். மேசைமேல் இருக்கும் திரைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பெயர் வைத்தவர்களைத்தான் நொந்துகொள்ள வேண்டும். எந்தப் பெட்டி உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்ற வரைபடத்தை மானிட்டர்கள் பெரும்பான்மையாக ஒத்துக்கொண்டு வைத்திருக்கும். மற்ற எல்லோரும் அந்த வரைபடத்தை நம்பி நடப்பார்கள்.

சுருக்கமாக: பிரதிகள் தரவைக் காக்கின்றன, கோரம் உண்மையைக் காக்கிறது. இரண்டும் தனித்தனி ஏற்பாடு. மூன்று பெட்டி என்பது ஆடம்பரம் இல்லை, குறைந்தபட்சம்.

மூன்றும் ஒரே வயரில் தொங்கினால்

லோட் ஷெடிங் என்றால் தென்னாப்பிரிக்காவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2008 வாக்கில் நாட்டையே உலுக்கிய அந்த மின்வெட்டு, 2023-இல் உச்சத்துக்குப் போய், மின்வெட்டின் கடுமையைச் சொல்லும் ‘ஸ்டேஜ் 6’ என்ற சொல்லை வானிலைச் செய்திபோல ஆக்கிவிட்டது. 2024 மார்ச் கடைசிக்குப் பிறகு பல மாதம் ஓய்வு கிடைத்தது. ஆனாலும் யூபிஎஸ் இல்லாத வீட்டைப் பார்த்தால் எனக்கு இன்னமும் கை பதறும்.

அந்தப் பட்டியலை நினைத்துப் பாருங்கள். ஊரை வட்டாரமாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் முறைவைத்து இரண்டு மணிநேரம் வெட்டுவார்கள். மினிட்ஸ் புத்தகத்தின் மூன்று பிரதியையும் ஒரே தெருவில் மூன்று வீட்டில் வைத்தால், மூன்று வீடும் ஒரே நேரத்தில் இருட்டு. மூன்று வேறு வட்டாரத்தில் வைத்தால் ஒன்றில் இருட்டு, மற்றதில் வெளிச்சம். எண்ணிக்கை அதே மூன்றுதான். பாதுகாப்பு அதே இல்லை.

சேர்ந்தே போகக்கூடியவற்றின் எல்லையை ஃபெயிலியர் டொமைன் என்கிறார்கள். ஒரு டிஸ்க் ஓர் எல்லை. அந்த டிஸ்க் இருக்கும் சர்வர் அதைவிடப் பெரிய எல்லை. அந்த சர்வர் சொருகியிருக்கும் யூபிஎஸ், நெட்வொர்க் ஸ்விட்ச், அறை, கட்டடம் என்று விரிந்துகொண்டே போகும். மூன்று பிரதியும் ஒரே சர்வரில் மூன்று டிஸ்கில் இருந்தால் டிஸ்க் போனால் தப்பிக்கலாம், சர்வர் போனால் தப்பிக்க முடியாது. ஆகவே நல்ல மென்பொருள்கள், சொல்லாமலே, பிரதிகளை வேறுவேறு சர்வரில் பிரித்து வைக்கும். அதற்கு மேல் உள்ள எல்லைகள் அவற்றுக்குத் தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும்.

எங்கள் பையன் போட்ட கிளஸ்டரில் நான் முதலில் போய்ப் பார்த்தது திரையை இல்லை, பெட்டிகளின் பின்பக்கத்தை. மூன்று சர்வரும் ஒரே எக்ஸ்டென்ஷன் கார்டில் தொங்கின. அந்தக் கார்டு ஒரே ஒரு யூபிஎஸ்ஸில். திரையில் பச்சை டிக் ஜொலித்துக்கொண்டிருந்தது.

“அப்போ நிஜமாகவே மூன்று ஊரில் வைத்துவிடலாமே” என்று தோன்றும். இங்கேதான் உவமை நொண்டுகிறது. எல்லாப் பிரதியிலும் எழுதி முடித்தபிறகே ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும் என்பது விதி. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் சாலைவழி சுமார் 570 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி போய்த் திரும்பவே 6 மில்லி செகண்ட் அளவுக்கு ஆகும். ஒரே அறைக்குள் என்றால் ஒரு மில்லி செகண்டுக்கும் கீழ். ஒரு தடவைக்கு இது அற்பம். வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சின்னச் சின்னதாக எழுதும் வேலை நடக்கும் இடத்தில் மாட்டுவண்டி ஆகிவிடும். அதனால் பெரும்பாலான கிளஸ்டர்கள் ஒரே அறைக்குள்ளேயே வாழ்கின்றன. அந்த அறைக்குத் தண்ணீர் வந்தால்? அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கருவி செய்வது என்ன

இவ்வளவு தெரிந்தபிறகு திரைக்குப் போகலாம். பையன் பயன்படுத்தியது ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற திறமூல மென்பொருள். வியன்னாவில் இருக்கும் ஒரு நிறுவனம் 2008 முதல் வெளியிட்டுவருவது. ஒரு சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (மென்பொருளாலேயே ஆன கணினிகளை) ஓட்டுவது அதன் முதல் வேலை. ஸ்டோரேஜ் கிளஸ்டருக்கு அது தனக்குள் வைத்திருப்பது செஃப்.

சமையல்கார செஃப் இல்லை. தலையிலிருந்தே கால் முளைத்த கணவாய், ஆக்டோபஸ் இனத்துக்கு உயிரியலில் செஃபலோபாட் என்று பெயர், அதன் சுருக்கம். கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் சேஜ் வைல் என்பவர் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கியது. 2006-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. பதிப்புகளுக்குப் பெயரும் அந்த இனத்தை ஒட்டித்தான், அகர வரிசையில்: 2020-இல் ஆக்டோபஸ், 2023-இல் ரீஃப், 2024-இல் ஸ்க்விட். செஃப்புக்கும் சொந்தமாக ஒரு பிரவுசர் டாஷ்போர்டு, அதாவது நிலைமையைக் காட்டும் திரை, உண்டு. அதில் தொடங்க முதலில் ஓரிரு கட்டளை அடிக்க வேண்டும். மீதியில் பெரும்பகுதியைக் கிளிக்கிலேயே முடிக்கலாம். எந்தத் திரையானாலும் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் நெட்வொர்க் எது என்று கேட்கும். பலர் ஏற்கெனவே இருப்பதையே தேர்ந்து நெக்ஸ்ட் அடித்துவிடுவார்கள். இது சாதாரணக் கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு கோப்பும் உள்ளே இன்னும் இரண்டு பெட்டிக்குப் பயணம் போகிறது. ஒரு டிஸ்க் செத்தால் டெராபைட் கணக்கில் தரவு குறுக்கும் நெடுக்கும் ஓடும். வீட்டு ஸ்விட்சில் வரும் 1 ஜிகாபிட் வேகத்தில் வினாடிக்குச் சுமார் 120 மெகாபைட்தான் போகும்; 2.4 டெராபைட்டை நகர்த்த ஐந்தரை மணிநேரம், வேறு யாரும் அந்த வழியில் போகாமல் இருந்தால். 10 ஜிகாபிட் வேண்டும் என்று எல்லோரும் வற்புறுத்துவது அதனால்தான். முடிந்தால் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி வழியே போட்டுக்கொடுக்கலாம்.

அடுத்து மானிட்டர் எங்கெங்கே. முதல் பெட்டியில் ஒன்றைத் தானே உருவாக்கிவிடும். மற்ற இரண்டை நாம் போய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டாலும் கிளஸ்டர் ஓடும். அந்த முதல் பெட்டி விழும் நாள் வரைக்கும்.

பிறகு டிஸ்குகள். ஒவ்வொரு டிஸ்கையும் பார்த்துக்கொள்ள ஓர் ஓஎஸ்டி உருவாகும். ஒரு டிஸ்கின் காவலாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: எழுதுவது, படிப்பது, பக்கத்துக் காவலாள் உயிரோடு இருக்கிறானா என்று அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பது, எல்லாம் அவன் பொறுப்பு. இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் மலிவாகக் கிடைக்கும் எஸ்எஸ்டிகளில் (சுழலும் தட்டு இல்லாத சிப் வகை டிஸ்குகளில்) மின்சாரம் போனால் கடைசி நொடியில் கையில் இருப்பதை எழுதி முடிக்கும் பாதுகாப்பு இருக்காது. செஃப் ‘நிஜமாகவே எழுதியாச்சா?’ என்று ஒவ்வொரு தடவையும் உறுதி கேட்கும் குணம் கொண்டது. அந்தப் பாதுகாப்பு உள்ள சர்வர் வகை எஸ்எஸ்டி உடனே ‘ஆச்சு’ என்னும், மலிவானது திணறும். நம் ஊர் மின்சாரத்துக்கு இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடைசியாகப் பூல். தரவைப் போடும் தொட்டி என்று சொல்லலாம். எத்தனை பிரதி என்பதை இங்கேதான் தீர்மானிக்கிறோம். இரண்டு எண் இருக்கும். ஒன்று பிரதி எண்ணிக்கை, இயல்பாக 3. இன்னொன்று, குறைந்தது எத்தனை பிரதி உயிரோடு இருந்தால் வேலையைத் தொடரலாம் என்பது, இயல்பாக 2. இந்த இரண்டாவது எண்ணைத்தான் பாவம் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அதை 1 ஆக்கினால் இன்னும் ‘தாங்கும்’ என்று நினைக்கிறார்கள். ஒரே ஒரு பிரதியில் மட்டும் புதிதாக எழுதிக்கொண்டு போய், அந்த ஒன்றும் செத்தால், நேற்று எழுதியது எங்கேயுமே இல்லை. வேலை நின்றால் எரிச்சல். தரவு போனால் போனதுதான். நின்றுவிடுவது இங்கே பழுது இல்லை, ஒழுக்கம்.

திரும்பிப் பார்த்தால், கருவி நான்கு கேள்வி கேட்டது: வழி, ஓட்டாளர்கள், காவலாளர்கள், தொட்டி. எக்ஸ்டென்ஷன் கார்டைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

ஒரு டிஸ்க் போன பத்து நிமிடம்

பழுது நேரும்போது உள்ளே நடப்பதைப் பார்த்தால் இந்த இயந்திரத்தின் மேல் மரியாதை வரும்.

காவலாளர்கள் சுமார் 6 வினாடிக்கு ஒருமுறை ஒருவரையொருவர் தட்டிப் பார்ப்பார்கள். 20 வினாடிக்குப் பதில் இல்லையென்றால் பக்கத்தில் உள்ளவர்கள் மானிட்டரிடம் போய்ச் சொல்வார்கள். மானிட்டர்கள் ஒத்துக்கொண்டு வரைபடத்தில் அந்த டிஸ்கை ‘விழுந்தது’ என்று குறிக்கும். அந்த நொடியிலிருந்து மற்ற பிரதிகள் வேலையை ஏற்றுக்கொள்ளும். திரை மஞ்சளாகும்.

ஆனால் உடனே புதுப் பிரதி எடுக்கத் தொடங்காது. யாரோ கேபிளைத் தட்டிவிட்டிருக்கலாம், சர்வர் ரீபூட் ஆகிக்கொண்டிருக்கலாம். இயல்பாக 10 நிமிடம் பொறுத்துப் பார்க்கும். அதற்குள் திரும்பிவந்தால் விடுபட்டதை மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்லும். வரவில்லை என்றால் இவர் இனி வரமாட்டார் என்று முடிவுகட்டி, மிச்சமுள்ள டிஸ்குகளில் மூன்றாவது பிரதியைப் புதிதாக உருவாக்கும். நள்ளிரவில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே இதெல்லாம் நடந்து முடிந்துவிடும். நாமே திட்டமிட்டு ஒரு சர்வரை அணைத்துப் பழுதுபார்ப்பதாக இருந்தால், ‘அவசரப்படாதே, திரும்பி வருவேன்’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு பொத்தானும் உண்டு. அதை மறந்துவிட்டு, பெட்டிகள் நிறைய உள்ள கிளஸ்டரில் ஒன்றை அணைத்துப்போட்டு, தேவையில்லாமல் டெராபைட்டுகளை இடம்பெயரவைத்தவன் நான்.

48 வாங்கினால் 10

இது பொருளாளருக்கான பகுதி. மூன்று சர்வர், ஒவ்வொன்றிலும் 4 டெராபைட்டில் நான்கு டிஸ்க். மொத்தம் 48 டெராபைட். திரையின் மூலையில் 48 என்றுதான் பெருமையாகக் காட்டும்.

மூன்று பிரதி, ஆகவே மூன்றால் வகுத்தால் 16. அந்த 16-ஐயும் நிரப்பலாமா? ஒரு சர்வரில் ஒரு டிஸ்க் செத்தால், அதில் இருந்ததை அதே சர்வரின் மீதி மூன்று டிஸ்குதான் ஏந்த வேண்டும். மற்ற இரண்டு சர்வரிலும் ஏற்கெனவே ஒவ்வொரு பிரதி இருக்கிறதே. நான்கு டிஸ்கும் 75 சதவீதம் நிறைந்திருந்தால், மூன்று டிஸ்க் நூறு சதவீதம் நிறைய வேண்டியிருக்கும். அது நடக்காது: இயல்பான அமைப்பில் டிஸ்க் 85 சதவீதம் நிறைந்ததும் எச்சரிக்கும், 95-ஐத் தொட்டதும் எழுதுவதையே நிறுத்திவிடும். 60 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டால், டிஸ்க் போனாலும் மற்றவை 80-க்கு ஏறி, மூச்சுவிட இடம் இருக்கும். 16-இல் 60 சதவீதம் என்றால் 9.6.

ஆக 48 வாங்கினால் நிம்மதியாகப் புழங்கக்கூடியது 10-க்கும் கீழே. கல்யாணச் சமையலில் நூறு பேருக்கு அழைப்பு வைத்து நூற்றைம்பது பேருக்கு உலை வைப்பதுபோலத்தான். இங்கே கணக்கு இன்னும் கடுமை.

மூன்று பிரதியும் ஒரே நொடியில் அழியும் விதம்

இப்போது அந்த பேக்கப் டிஸ்க் செலவுக்கு வருவோம்.

கிளஸ்டர் மிகவும் சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளை. எழுது என்றால் மூன்று இடத்தில் எழுதும். அழி என்றாலும் மூன்று இடத்தில் அழிக்கும், அதே வேகத்தில், அதே நேர்மையோடு. புரட்டாசி விரத நாளில் யாரோ ஒரு தொண்டர், ‘பழைய படங்கள்’ என்ற ஃபோல்டரைத் தேவையில்லாதது என்று நினைத்து அழித்தால், மூன்று பிரதியும் ஒன்றாகப் போகும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்தால், பூட்டிய கோப்பு பத்திரமாக மூன்று பிரதியாக இருக்கும்.

பேக்கப் என்பது இதிலிருந்து மூன்று வகையில் வேறுபட்டது: அது நேற்றைய நிலையை வைத்திருக்கும், கிளஸ்டரின் கட்டளைக்கு ஆடாது, வேறு இடத்தில் இருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தை டர்பன்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 400-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. டோங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. அப்படி ஒரு நாள் அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்தால் மூன்று சர்வரும் ஒரே வெள்ளத்தில்தான் நனையும். கோரமும் அதோடு சேர்ந்து நனையும்.

கிளஸ்டர் இன்றைக்குக் கூட்டம் நடக்க உதவும். பேக்கப் நேற்றைக்குத் திரும்பிப் போக உதவும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எந்தக் கருவியும் சொல்லவில்லை, நாமாகச் சொல்லிக்கொண்டதுதான்.

கேபிளைப் பிடுங்கிப் பார்த்தோம்

இதையெல்லாம் நான் கமிட்டியில் விளக்கியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால், எல்லோரையும் அந்தச் சின்ன அறைக்குக் கூப்பிட்டோம். பையன் இரண்டு யூபிஎஸ்ஸும் ஒரு தனி பிளக் பாயிண்டுமாக மூன்று பெட்டியையும் பிரித்து வைத்திருந்தான். மூன்றாவது பெட்டியில் ஓடும் மெய்நிகர் கணினியில், காவடி வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டான்.

“அக்கா, முதல் பெட்டி வயரைப் பிடுங்குங்க.”

செயலாளர் அக்கா பையன் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிடுங்கினார். வீடியோ அப்படியே உறைந்து நின்றது. பொருளாளர் இருமினார். ஏறக்குறைய இருபது வினாடி. பிறகு உறுமி மேளம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. திரை மஞ்சள்.

“இப்போ ரெண்டாவது.”

வீடியோ மறுபடியும் நின்றது. இந்தத் தடவை வரவில்லை. அரை நிமிடம், ஒரு நிமிடம். டாஷ்போர்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நிலைமையைச் சொல்ல வேண்டிய அதற்கே கோரம் போய்விட்டது. மூன்றில் ஒருவர் மட்டும் மிச்சம். அவர் பேனாவை மூடிவிட்டார்.

“கெட்டுப்போச்சா?” என்று கேட்டார் பொருளாளர்.

“இல்லை அண்ணே, கூட்டம் ஒத்திவைப்பு” என்றான் பையன்.

அக்கா ஒரு வயரைத் திரும்பச் சொருகினார். சர்வர் முழுதாக எழுந்துவர ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் சாம்பார் ஆறிவிடும் என்று சிலர் வெளியே போய்விட்டார்கள். வீடியோ மறுபடி ஓடத் தொடங்கியபோது அறையில் நாங்கள் நாலு பேர்தான். பொருளாளர் வாசலில் நின்று, டோங்காட்டில் இருக்கும் தன் தம்பி வீட்டில் பேக்கப் டிஸ்கை வைத்துக்கொள்ளலாமா, அந்த வீடு மேட்டில்தான் இருக்கிறது என்று கேட்டார்.